கேள்வியில் தொடங்கும் ஆன்லைன் வகுப்பு: திட்டமிடுவது முதல் கடைசித் தேர்வு வரை

ஆன்லைனில் பாடம் நடத்தப் போகிறவர்கள் முதலில் விசாரிப்பது எந்த மைக் வாங்கலாம், ஜூமா கூகுள் மீட்டா என்பதைத்தான். விசாரிக்க வேண்டியவைதான், ஆனால் அதற்கு அவசரமில்லை. நேரடி வகுப்பில் நாம் பேசிக்கொண்டே போனாலும் எதிரில் இருக்கும் முகங்கள் ஏதோ ஒன்றைச் சொல்லிக்கொண்டே இருக்கும். நெற்றி சுருங்கினால் திரும்பச் சொல்வோம். திரையில் கிடைப்பது கேமரா அணைத்த கறுப்புக் கட்டங்கள் மட்டும். அந்தக் கட்டத்துக்குப் பின்னால் இருப்பவருக்குப் புரிந்ததா என்று தெரிய வேண்டுமானால், அவரை எதையாவது செய்யவைக்க வேண்டும். மாணவர் என்ன செய்யப்போகிறார் என்பதை முதலில் எழுதிவிட்டு, நாம் என்ன பேசுவது என்பதை அப்புறம் யோசிக்கும் முறைதான் இந்த வழிகாட்டி முழுவதும் வரும்.

பொதுப்படையாகப் பேசினால் எல்லாமே சரியாகத் தோன்றும். அதனால் ஒரு குறிப்பிட்ட வகுப்பையே எடுத்துக்கொள்கிறேன்: ஆறு வாரத்தில் ஜிஎஸ்டி கணக்கு எழுதப் பழக்கும் தமிழ் வகுப்பு. பி.காம் முடித்தவர்கள், ஆடிட்டர் ஆபீசில் புதிதாகச் சேர்ந்தவர்கள், கடைக் கணக்குப் பார்ப்பவர்கள் என ஒரு பேட்சுக்கு 25, 30 பேர். நீங்கள் கற்றுக்கொடுப்பது தையலாகவோ பைத்தானாகவோ இருந்தாலும் படிகள் பெரிதாக மாறாது.

படி 1: கடைசி நாள் வேலையை முதலில் எழுதுங்கள்

"ஜிஎஸ்டி பற்றிய அடிப்படை அறிவைப் பெறுவர்" என்று பாடத்திட்டத்தில் எழுதினால் அதை யாராலும் சோதிக்க முடியாது. இப்படி எழுதிப் பாருங்கள்: "ஒரு மாதத்தின் 40 விற்பனை பில்களும் 25 கொள்முதல் பில்களும் கையில் கொடுத்தால், ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவர அறிக்கை), ஜிஎஸ்டிஆர்-3பி (வரிச் சுருக்க அறிக்கை) இரண்டுக்கும் தேவையான எண்களைத் தானே தொகுத்துத் தருவார்." இதுதான் கடைசித் தேர்வு. இதைச் செய்ய என்னென்ன தெரிய வேண்டும் என்று பின்னோக்கி வாருங்கள். மாநிலத்துக்குள் நடந்த விற்பனையா வெளியே நடந்ததா என்று பிரிக்கத் தெரிய வேண்டும்; வரி அடங்கிய விலையிலிருந்து வரியைப் பிரிக்கத் தெரிய வேண்டும்; உள்ளீட்டு வரி வரவு (கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) எதற்குக் கிடைக்கும், எதற்குக் கிடைக்காது என்று தெரிய வேண்டும்; திரும்பி வந்த சரக்கின் தொகையைக் கழித்துக் காட்டும் கிரெடிட் நோட் போடத் தெரிய வேண்டும்.

இப்படிப் பின்னோக்கி வரும்போது, நீங்கள் ஆசையாக வைத்திருந்த சில பாடங்கள் உதிர்ந்துவிடும். ஜிஎஸ்டி வந்த வரலாறு, மன்றத்தின் அமைப்பு, அரசியல் சட்டத் திருத்தம் எல்லாம் சுவையானவைதான். ஆனால் 40 பில்லைத் தொகுக்க அவை வேண்டாம். விரும்புகிறவர்கள் படிக்க ஒரு பக்கம் எழுதி வைத்தால் போதும்.

படி 2: யார், எந்த போனில், எந்த நேரத்தில்

சேருவதற்கு முன்பே ஒரு சிறிய கூகுள் படிவம் அனுப்புங்கள். மடிக்கணினி இருக்கிறதா, போன் மட்டுமா. ஒரு நாளைக்கு எவ்வளவு டேட்டா. எத்தனை மணிக்கு மேல் தொந்தரவில்லாமல் உட்கார முடியும். போன் அவருடையதா, வீட்டில் பலர் பயன்படுத்துவதா. கூடவே பாடத்திலிருந்து ஐந்து கேள்விகளையும் வையுங்கள். மதிப்பெண்ணுக்காக இல்லை, எங்கிருந்து தொடங்குவது என்று தெரிந்துகொள்ள.

விடைகள் வந்ததும் பாதித் திட்டம் தானாக மாறும். பாதிப் பேர் போனில்தான் பார்க்கிறார்கள் என்றால், எக்செல் தாளை முழுத்திரையில் பகிர்ந்து பயனில்லை. எழுத்து எறும்பு மாதிரித் தெரியும். நான்கு நெடுவரிசைக்கு மேல் ஒரு நேரத்தில் காட்டாதீர்கள். டேட்டா குறைவென்றால் பாடத்தின் ஒலியைத் தனியாகவும் கொடுங்கள். நொடிக்கு 64 கிலோபிட் தரத்தில் சேமித்தால் பத்து நிமிட ஒலிக்கோப்பு 5 எம்பிக்குள் அடங்கிவிடும்.

நாள் குறிப்பதும் இந்தப் படியில்தான். மாதந்தோறும் தாக்கல் செய்பவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 கெடு 11-ஆம் தேதி, 3பி கெடு 20-ஆம் தேதி. அந்த இரண்டு தேதிகளையும் ஒட்டி நேரலை வைத்தால் ஆடிட்டர் ஆபீஸ்காரர் ஒருவரும் வரமாட்டார். உங்கள் துறைக்கும் இப்படி ஒரு நாள்காட்டி இருக்கும், தேடிப் பாருங்கள்.

இந்தப் படிவத்தில் "நீங்கள் பார்த்துக் கற்பவரா, கேட்டுக் கற்பவரா" என்று மட்டும் கேட்காதீர்கள். கற்றல் பாணிகள் என்ற இந்தப் பிரிவினை பயிற்சி உலகில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 2008-இல் ஹெரால்டு பேஷ்லரும் மூன்று உளவியலாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, பாணிக்கு ஏற்பப் பாடம் நடத்தினால் பலன் கூடும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். பில்லைப் பார்க்க வேண்டிய இடத்தில் எல்லோரும் பார்த்துத்தான் கற்க வேண்டும்.

படி 3: எதைப் பதிவு செய்வது, எதை நேரலையில் வைப்பது

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உட்லண்ட் பார்க் பள்ளியின் வேதியியல் ஆசிரியர்கள் ஜொனாதன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ் இருவரும் 2007 வாக்கில் தங்கள் பாடங்களைப் பதிவு செய்து மாணவர்களிடம் கொடுக்கத் தொடங்கினார்கள். பாடம் கேட்பது வீட்டில், கணக்குப் போடுவது வகுப்பில் என்று வழக்கம் தலைகீழானது. தலைகீழ் வகுப்பறை என்ற முறை பரவியதில் இவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆன்லைனுக்கு இது இன்னும் நன்றாகப் பொருந்தும். ஒரு மணி நேரம் முப்பது பேரையும் ஒன்றாகக் கூட்டுவது எவ்வளவு கடினம்! அந்த நேரத்தை, பதிவாகக் கேட்டிருக்கக்கூடிய விளக்கத்தில் கரைக்கக் கூடாது.

எளிய விதி ஒன்று: எத்தனை முறை சொன்னாலும் ஒரே மாதிரி சொல்வீர்கள் என்றால் அது பதிவுக்கு, எதிரில் இருப்பவரின் விடையைப் பொறுத்து மாறும் என்றால் நேரலைக்கு. உள்ளீட்டு வரி வரவு என்றால் என்ன என்பது பதிவு. "இந்த பில்லுக்கு வரவு கிடைக்குமா, ஏன்" என்பது நேரலை.

பதிவைப் பார்க்காமலேயே சிலர் வருவார்கள், அது நிச்சயம். அவர்களுக்காக நேரலையில் முழுப் பாடத்தையும் மறுபடி சொன்னால், அடுத்த வாரம் பார்த்தவர்களும் பார்க்காமல் வருவார்கள். ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று கேள்விகள் வைத்து, நேரலைக்கு முந்தைய இரவே விடை வாங்கிவிடுங்கள்.

படி 4: பதிவு எடுப்பது

எடெக்ஸ் என்ற ஆன்லைன் பாடத் தளத்தில் 69 லட்சம் பார்வை அமர்வுகளை ஆராய்ந்து பிலிப் குவோ, ஜுஹோ கிம், ராப் ரூபின் ஆகியோர் 2014-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர்கள் பார்த்த இடைநிலை நேரம் ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. வகுப்பறை உரையை எடுத்துத் துண்டு போட்ட வீடியோக்களைவிட, ஆன்லைனுக்கென்றே திட்டமிட்டு எடுத்தவை நன்றாகப் பிடித்துவைத்தன. வெறும் ஸ்லைடுகளைவிட, டேப்லெட்டில் எழுதிக்கொண்டே விளக்குவது ஈர்த்தது. ஆக, ஒரு வீடியோவுக்கு ஒரே ஒரு விஷயம், ஆறு நிமிடம். "வரி அடங்கிய விலையிலிருந்து வரியைப் பிரிப்பது" என்பது ஒரு வீடியோ. "ஜிஎஸ்டி கணக்கீடு" என்பது நாற்பது நிமிடம் போய்விடும்.

ஸ்லைடில் இருக்கும் வாக்கியங்களை அப்படியே வாசிக்காதீர்கள். ரிச்சர்ட் மேயரின் பல்லூடகக் கற்றல் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியது இது: படமும் குரலும் சேர்ந்தால் நன்றாகப் புரிகிறது, அதே சொற்களைத் திரையிலும் போட்டுக் குரலிலும் சொன்னால் கவனம் சிதறுகிறது. திரையில் பில் இருக்கட்டும், விளக்கம் குரலில் வரட்டும். பின்னணி இசை, சுழலும் எழுத்து எதுவும் வேண்டாம்.

கருவிக்கு அதிகம் செலவழிக்க வேண்டியதில்லை. காலரில் குத்தும் மைக், மின்விசிறியை நிறுத்திய அறை, திரையைப் பதிய ஓபிஎஸ் ஸ்டூடியோ போன்ற இலவச மென்பொருள். படம் சுமாராக இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள், குரல் கரகரத்தால் மூடிவிட்டுப் போய்விடுவார்கள்.

மாறக்கூடிய எண்களை வீடியோவில் சொல்லாதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி விகிதங்கள் பெரிய அளவில் மாறின. பொருளுக்குப் பொருள் விகிதத்தைச் சொல்லிப் பதிவு செய்து வைத்திருந்தவர்கள் அத்தனையையும் மறுபடி எடுக்க வேண்டியிருந்திருக்கும். கணக்கிடும் முறையை வீடியோவில் வைத்து, விகிதப் பட்டியலைத் தனித் தாளாகக் கொடுத்தால் தாளை மட்டும் மாற்றினால் போதும்.

படி 5: கேள்விகள்

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இது. வீடியோவுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் கேள்விக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

உளவியலாளர்கள் ரோடிகர், கார்ப்பிக்கி இருவரும் 2006-இல் செய்த சோதனையைப் பாருங்கள். ஒரு குழு ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு ஒரு கட்டத்தில் மட்டும் படித்துவிட்டு, மீதி மூன்று கட்டங்களில் தாளைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்த குழுவே முன்னால்: 83 சதவீதம், மற்றவர்கள் 71. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது படித்தவர்கள் 40 சதவீதம், நினைவுபடுத்தி எழுதியவர்கள் 61. வகுப்பு முடிந்ததும் "நன்றாகப் புரிந்தது சார்" என்று சாட்டில் வந்து விழும் செய்திகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளாததற்கு இதுதான் காரணம். அவை ஐந்தாவது நிமிடத்துச் செய்திகள்.

நல்ல கேள்வி எழுதும் வழி, தவறான விடைகளிலிருந்து தொடங்குவது. கற்பவர் எந்தெந்த வழியில் தவறுவார் என்று பட்டியல் போட்டு, ஒவ்வொரு தவறும் கொண்டுபோய் விடும் எண்ணை ஒரு விடையாக வையுங்கள்.

"வரி உட்பட விலை 1,180 ரூபாய், வரி 18 சதவீதம். இதில் வரி எவ்வளவு?" சரியான விடை 180. ஒருவர் 212.40 என்று தேர்ந்தெடுத்தால், 1,180-க்கே 18 சதவீதம் போட்டிருக்கிறார் என்று உடனே தெரியும். 90 என்றால் சிஜிஎஸ்டி (மத்திய அரசின் பங்கு), எஸ்ஜிஎஸ்டி (மாநில அரசின் பங்கு) இரண்டில் ஒன்றை மட்டும் சொல்லியிருக்கிறார். 1,000 என்றால் கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை. நான்கு விடைகளும் நான்கு விதமான மனநிலையைக் காட்டுகின்றன. 100, 200, 300 என்று உருண்டை எண்களைப் போட்டிருந்தால் எதுவும் தெரிந்திருக்காது.

இன்னொன்று: "கடலூர் வியாபாரி, புதுச்சேரியில் பதிவு பெற்ற ஒரு கடைக்கு 10,000 ரூபாய்ச் சரக்கை அனுப்புகிறார். வரி 18 சதவீதம். பில்லில் எந்த வரி?" பலரும் சிஜிஎஸ்டி 900, எஸ்ஜிஎஸ்டி 900 என்பார்கள். பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரும் ஊர், தமிழ் பேசும் ஊர், வேறு மாநிலம் என்று மனதில் படுவதில்லை. புதுச்சேரி தனி ஒன்றியப் பிரதேசம். மாநிலம் தாண்டிய விற்பனைக்கான ஐஜிஎஸ்டி 1,800 போட வேண்டும். எப்படிப் போட்டாலும் பில்லின் மொத்தம் 11,800-தான் வரும், அதனால் இந்தத் தவறு கூட்டலில் மாட்டவே மாட்டாது. பெங்களூரை வைத்துக் கேட்டிருந்தால் எல்லோரும் சரியாகச் சொல்லியிருப்பார்கள், நீங்களும் புரிந்துவிட்டது என்று நினைத்து நகர்ந்திருப்பீர்கள்.

சாட்ஜிபிடி மாதிரியான கருவிகளிடம் கேள்வி வரைவு கேட்கலாம். கூட்டல் கழித்தல் மாறிய பத்து பில்களை ஒரு நிமிடத்தில் கொடுத்துவிடும், அந்த வேலைக்கு அது வரப்பிரசாதம். ஆனால் கடலூர்–புதுச்சேரி போன்ற பொறி அதற்கு லேசில் தோன்றாது. விகிதங்களைப் பழைய கணக்கில் சொல்லவும் வாய்ப்புண்டு. ஒவ்வொரு விடையையும் நீங்களே போட்டுப் பார்க்காமல் மாணவரிடம் அனுப்பாதீர்கள்.

படி 6: நேரலை ஒரு மணி நேரம்

ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மசூர் 1991-இல் தொடங்கிய சக மாணவர் வழிக் கற்பித்தல் முறையை நேரலைக்கு அப்படியே கொண்டுவரலாம். கேள்வியைத் திரையில் போடுங்கள். எல்லோரும் தனியாக யோசித்து வாக்களிக்கட்டும். முடிவை உடனே காட்டாதீர்கள். சரியான விடை சொன்னவர்கள் 30 சதவீதத்துக்கும் கீழே என்றால் பாடம் போய்ச் சேரவில்லை, நீங்கள் விளக்குங்கள். 70-ஐத் தாண்டினால் இரண்டு வரியில் முடித்து நகருங்கள். இடைப்பட்டால் மூன்று நான்கு பேராகப் பிரேக்அவுட் ரூமில் (தனித்தனிச் சிறு அறைகளில்) விட்டு, வேறு விடை சொன்னவரை ஒப்புக்கொள்ள வைக்கச் சொல்லுங்கள். மூன்று நிமிடம் கழித்து மறுபடி வாக்கு. நேற்றுத்தான் புரிந்துகொண்டவருக்கு, எங்கே இடறும் என்பது நம்மைவிட நன்றாக நினைவிருக்கும்.

ஒரு மணி நேரத்தில் இப்படி நான்கு கேள்விகள் போனால் அதிகம்.

கேள்வி கேட்டுவிட்டு மௌனமாக இருப்பதும் ஒரு பழக்கம்தான். கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ வகுப்பறைகளைப் பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியதும் விடைகள் நீளமாயின, அதிகம் பேசாதவர்களும் பேசினார்கள். ஆன்லைனில் மியூட்டை எடுக்கவே மூன்று நொடி ஆகும். பத்து வரை மனதுக்குள் எண்ணுங்கள். இன்னொரு உத்தி: எல்லோரும் விடையைச் சாட்டில் தட்டச்சு செய்து, நீங்கள் "சரி, அனுப்புங்கள்" என்று சொன்ன பிறகே அனுப்ப வேண்டும். முப்பது விடைகளும் ஒரே நேரத்தில் கொட்டும். முதல் ஆள் சொன்னதையே மற்றவர்கள் திருப்பிச் சொல்வது நின்றுவிடும்.

கேமராவைக் கட்டாயப்படுத்தாதீர்கள். ஒற்றை அறை வீட்டில் இருந்து சேர்பவருக்கு அது சங்கடம். கை வேலை செய்கிறதா என்பதே நமக்கு வேண்டியது. அதை வாக்கும் சாட்டும் காட்டிவிடும்.

படி 7: பயிற்சித் தாள்கள்

புதிதாகக் கற்பவரிடம் வெற்றுத் தாளைக் கொடுத்து "நீங்களே கண்டுபிடியுங்கள்" என்றால் அவர் மூளை முழுக்கத் தேடலிலேயே செலவாகும். ஜான் ஸ்வெல்லரின் அறிவாற்றல் சுமைக் கோட்பாடு இதைத்தான் சொல்கிறது: தொடக்கத்தில் முழுவதும் போட்டுக் காட்டிய கணக்குகள் நன்றாக உதவும். முதல் பில் முழுதாகப் போட்டது. இரண்டாவதில் கடைசி வரி மட்டும் காலி. மூன்றாவதில் பாதி காலி. ஐந்தாவது பில் வருவதற்குள் முழுவதும் காலி. நன்றாகத் தெரிந்தவருக்கு இதே உதவி எரிச்சலூட்டும், அவரை நேராக ஐந்தாவதுக்குப் போக விடுங்கள்.

ஒரே வகைக் கணக்கைப் பத்து முறை கொடுக்காதீர்கள். பத்தும் ஐஜிஎஸ்டி என்றால் பதினோராவதையும் படிக்காமலே ஐஜிஎஸ்டி என்பார். உள்மாநிலம், வெளிமாநிலம், கிரெடிட் நோட், வரி அடங்கிய விலை எல்லாவற்றையும் கலந்து கொடுங்கள். ஆபீசில் பில்கள் அப்படித்தான் வரும்.

படி 8: மறக்காமல் இருக்க

கற்றது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று ஹெர்மன் எபிங்ஹாஸ் தன்னையே சோதித்து 1885-இல் எழுதினார். மருந்தும் அவரிடமே இருந்தது: இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் நினைவுபடுத்துவது. வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் இரவு எட்டு மணிக்கு ஒரே ஒரு கேள்வி போடுங்கள். இன்றைய பாடம், போன வாரப் பாடம், முதல் வாரப் பாடம் என்று மாற்றி மாற்றி வரட்டும். விடையை மறுநாள் காலை போடுங்கள். குரூப்பில் காலை வணக்கப் படங்களுக்கு முதல் நாளே தடை போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் கேள்வி ரோஜாப்பூக்களுக்கு அடியில் புதைந்துபோகும்.

படி 9: நின்றுபோகிறவர்கள்

2011-இல் செபாஸ்டியன் த்ரன், பீட்டர் நோர்விக் இருவரும் ஸ்டான்ஃபோர்டிலிருந்து இலவசமாக நடத்திய செயற்கை நுண்ணறிவு வகுப்பில் சுமார் 1,60,000 பேர் பதிவு செய்தார்கள். முடித்தவர்கள் 20,000-த்துச் சொச்சம் பேர். உலகப் புகழ்பெற்ற ஆசிரியர்களுக்கே இந்த நிலை, நாம் மனம் தளர வேண்டியதில்லை. ஆனால் முப்பது பேர் வகுப்பில் அவர்களால் முடியாத ஒன்று நம்மால் முடியும்: யார் வரவில்லை என்று பெயரோடு தெரியும்.

இரண்டு வேலையைத் தொடர்ந்து அனுப்பாதவருக்குத் தனியாக ஒரு குரல் செய்தி அனுப்புங்கள். குரூப்பில் பெயர் சொல்லிக் கேட்டால் அன்றைக்கே வெளியேறிவிடுவார். "எங்கே நின்றீர்கள்? அந்த பில்லை மட்டும் அனுப்புங்கள், பார்க்கிறேன்" என்பது போதும். ஐந்து ஐந்து பேராகப் பிரித்து, அவர்களுக்குள் விடைகளைச் சரிபார்க்கச் சொல்வதும் பிடித்துவைக்கும்.

படி 10: தேர்வும் திருத்தமும்

வீட்டிலிருந்து எழுதும் எந்தத் தேர்வையும் சாட்பாட் எழுதிவிட முடியும் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். ஐஐடிகள் சேர்ந்து நடத்தும் ஆன்லைன் பாடத் திட்டமான என்பிடெல்லின் சான்றிதழ் தேர்வுகளுக்கும், சென்னை ஐஐடி 2020-இல் தொடங்கிய ஆன்லைன் பட்டப்படிப்பின் தேர்வுகளுக்கும் மாணவர் மையத்துக்கு நேரில்தான் போக வேண்டும். பாடம் ஆன்லைன், வார வேலை ஆன்லைன், தேர்வு மட்டும் நேரில். நமக்கு மையம் கிடையாது. அதனால் ஒவ்வொருவருக்கும் வேறு வேறு பில் கட்டு கொடுத்து, தொகுத்து அனுப்பிய பின் பத்து நிமிட வாய்மொழித் தேர்வு வையுங்கள். "பதினேழாவது பில்லை ஏன் இந்தப் பட்டியலில் வைத்தீர்கள்?" என்று கேட்டால், தானே செய்தவர் உடனே சொல்வார். முப்பது பேருக்கு ஐந்து மணி நேரம் ஆகும், இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளலாம்.

திருத்தும்போது மதிப்பெண்ணோடு நிறுத்தாதீர்கள். தவறிய பில்லின் படத்தில் வட்டம் போட்டு, அரை நிமிடக் குரல் பதிவோடு அனுப்பி, அந்த ஒன்றை மட்டும் மறுபடி செய்யச் சொல்லுங்கள். எழுதித் திருத்துவதைவிட நமக்கும் இது வேகம்.

படி 11: வகுப்பு வேலை செய்ததா என்று பார்ப்பது

கடைசி நாள் கருத்துப் படிவத்தில் எல்லோரும் ஐந்து நட்சத்திரம் போடுவார்கள். டொனால்டு கிர்க்பேட்ரிக் 1959-இல் பயிற்சி மதிப்பீட்டை நான்கு நிலையாகப் பிரித்தபோது, பிடித்திருந்ததா என்பதை முதல் நிலையில் வைத்தார். கற்றார்களா, வேலையில் பயன்படுத்துகிறார்களா, அதனால் என்ன பலன் என்பவை அதற்கு மேலே. ஒரு மாதம் கழித்துப் பத்து பில் கொண்ட சிறு தேர்வு ஒன்றை அனுப்புங்கள். கூடவே ஒரு கேள்வி: "இந்த மாதம் ஆபீசில் எந்த பில்லில் சிக்கினீர்கள்?" பெயர்களையும் பதிவு எண்களையும் மறைத்து அந்த பில்லின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் தவறவிட்ட கேள்வி எந்த வீடியோவிலிருந்து வந்தது என்று பார்த்து, அடுத்த பேட்சுக்கு அந்த ஒன்றை மட்டும் திரும்ப எடுங்கள். வந்து சேரும் பில்கள் அடுத்த பேட்சின் கேள்வித்தாளுக்குப் போகட்டும்.